தேவனுடைய மகத்துவமும் நம்முடைய தாழ்மையும்: வேதபாட வகுப்பில் அடிக்கடி வரும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் சபையில் நடக்கும் வேதபாட வகுப்பில் ஏசாயாவையும் யோபுவையும் சில மாதங்களாக வாசித்து வந்தோம். வகுப்பு நடக்கும்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. முடிந்து, வெளியே செருப்பு மாட்டும்போதுதான் கேட்பார்கள். அப்படி வந்தவற்றைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் போதகர் அல்ல, ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுப்பவன். வசனங்களை நம் சபைகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பை ஒட்டியே சொல்கிறேன்.

தாழ்மையாக இருக்க எவ்வளவோ முயற்சி செய்கிறேன். ஏன் வரமாட்டேன் என்கிறது?

முயற்சி செய்வதால்தான். தூக்கத்தை யோசித்துப் பாருங்கள். "இப்போது தூங்கிவிட்டேனா?" என்று பார்த்துக்கொண்டே இருப்பவனுக்குத் தூக்கம் வருமா? தாழ்மையும் அப்படித்தான். "இன்றைக்கு நான் தாழ்மையாக நடந்துகொண்டேன்" என்று ராத்திரி கணக்குப் பார்க்கும்போதே அது கையைவிட்டுப் போயிருக்கும்.

என் கதை ஒன்று. ஒரு திரித்துவ ஞாயிறு அன்று, தேவன் சிங்காசனத்தின்மேல் இருப்பதை ஏசாயா தீர்க்கதரிசி ஆலயத்தில் தரிசனமாய்க் காணும் ஏசாயா 6ஆம் அதிகாரத்தை வாசிக்கும் முறை எனக்கு வந்தது. இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று பழகினேன். "சேனைகளின் கர்த்தர் பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்கிற இடத்தில் குரலை எங்கே இறக்குவது என்றெல்லாம் பென்சிலால் குறித்து வைத்தேன். ஆராதனை முடிந்ததும் வண்டிச் சாவியைத் தேடுகிறவன் மாதிரி வாசலில் நின்றேன். யாராவது நாலு வார்த்தை சொல்வார்கள் என்று எதிர்பார்ப்பு. ஒரு பாட்டியம்மா மட்டும் வந்தார். "தம்பி, மைக்கு கரகரன்னு இருந்துச்சு, ஒண்ணும் வெளங்கல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சிங்காசனத்தண்டை நிற்கும் தூதர்களான சேராபீன்கள் முகத்தை மூடிக்கொள்ளும் பகுதியை வாசித்துவிட்டு நான் முகத்தைக் காட்ட நின்றிருக்கிறேன். வீட்டுக்குப் போகிற வழியில்தான் அது உறைத்தது. என் கண் அந்த இரண்டு நாளும் என்மேல்தான் இருந்தது, சிங்காசனத்தின்மேல் இல்லை. தாழ்மைக்காக நாம் படும் பாடு பெரும்பாலும் இப்படி நம்மையே சுற்றிவருவதுதான். வேதத்தில் தாழ்ந்துபோனவர்கள் யாரும் தாழ்மையைத் தேடிப் போகவில்லை. தேவனைக் கண்டார்கள், விழுந்தார்கள்.

ஏசாயா தரிசனத்தைச் சொல்லும்போது "உசியா ராஜா மரணமடைந்த வருஷத்தில்" என்று ஏன் தொடங்குகிறார்? வெறும் தேதிதானா?

தேதியும்தான். ஆனால் உசியாவின் கதையை 2 நாளாகமம் 26இல் வாசித்துவிட்டு வந்தால் அந்த வரி வேறு மாதிரி கேட்கும். பதினாறு வயதில் ராஜாவானவன், 52 வருஷம் ஆண்டான். எருசலேமில் கோபுரங்கள் கட்டினான், வனாந்தரத்தில் கிணறுகள் வெட்டினான், வெள்ளாண்மையில் பிரியமுள்ளவன். அம்பும் கல்லும் எறிய யந்திரங்கள்கூடச் செய்வித்தான். நல்ல ராஜா என்றுதான் சொல்லவேண்டும். பிறகு ஒரே வசனத்தில் எல்லாம் திரும்புகிறது: அவன் பலப்பட்டபோது மனம் மேட்டிமையாயிற்று. ஆசாரியர்மட்டும் செய்யவேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்ய ஆலயத்துக்குள் போனான். அசரியாவும் இன்னும் 80 ஆசாரியர்களும் தடுத்தார்கள். கோபத்தோடு தூபகலசத்தைக் கையில் பிடித்து நின்றவனுடைய நெற்றியில் குஷ்டம் தோன்றிற்று. சாகும்வரை தனி வீட்டில் இருந்தான்.

இப்போது ஏசாயா 6. அதே ஆலயக் காட்சிதான், அங்கேயும் புகை, அங்கேயும் பீடம். ஏசாயா உள்ளே பாய்ந்து போகவில்லை. "ஐயோ! அதமானேன், நான் அசுத்த உதடுகளுள்ள மனுஷன்" என்கிறான். குஷ்டரோகி வாயை மூடிக்கொண்டு "தீட்டு, தீட்டு" என்று கூவவேண்டும் என்று லேவியராகமம் 13 சொல்லுகிறது. அங்கே "தீட்டு" என்று வருவதும் இங்கே "அசுத்த" என்று வருவதும் எபிரெயத்தில் ஒரே சொல். ராஜா உடம்பில் சுமந்ததைத் தீர்க்கதரிசி தன் வாயிலே உணருகிறான். தூபபீடத்தை நோக்கித் துணிந்து போனவன் குஷ்டரோகியாக வெளியே வந்தான். தகுதியில்லை என்று கதறியவனைத் தேடிப் பலிபீடத்து நெருப்பே பறந்து வந்தது, சுட்டது, சுத்தமாக்கியது.

இன்னும் ஒன்று. முந்தின அதிகாரத்தை, ஐந்தாம் அதிகாரத்தை, எண்ணிப் பாருங்கள். வீட்டோடு வீட்டைச் சேர்க்கிறவர்களுக்கு ஐயோ, குடிகாரருக்கு ஐயோ, தீமையை நன்மையென்று சொல்லுகிறவர்களுக்கு ஐயோ என்று ஆறு ஐயோக்கள். ஆறும் ஊராருக்கு. ஏழாவது ஐயோ தனக்கு. பிரசங்கம் செய்கிறவர்கள் எல்லாரும் (என்னையும் சேர்த்து) அந்த ஆறோடு நின்றுவிடுகிறோம்.

சேராபீன்கள் பாவம் செய்தவர்கள் அல்ல என்பதையும் கவனியுங்கள். அவர்களே ஆறு செட்டைகளில் இரண்டினால் முகத்தையும் இரண்டினால் கால்களையும் மூடுகிறார்கள், பறப்பதற்கு மிச்சம் இரண்டுதான். ஆகவே தாழ்மை என்பது பாவிக்குக் கொடுக்கும் தண்டனை என்று நினைக்கவேண்டாம். பாவமே இல்லாவிட்டாலும் சிருஷ்டிகருக்கு முன்னால் சிருஷ்டியின் இடம் அதுதான்.

"மகத்துவம்", "மகிமை" என்று தினமும் பாடுகிறோம். மனதில் ஒன்றும் பதியமாட்டேன் என்கிறதே?

அதிகம் புழங்கிய சொற்கள் தேய்ந்த காசு மாதிரி. கொஞ்சம் உரசிப் பார்க்கவேண்டும். மகிமை என்பதற்கு எபிரெயத்தில் உள்ள சொல் கவோத். அதன் வேரில் பாரம், எடை என்ற பொருள் இருக்கிறது. நமக்கு இது புரிய அகராதி தேவையில்லை. தமிழில் "கனம்" என்றால் எடையும்தான், மரியாதையும்தான். "மூட்டை கனமாக இருக்கிறது" என்கிற அதே வாயால் "தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு" என்கிறோம். தேவனைக் கனம்பண்ணுவது என்றால் அவருடைய எடையை உள்ளபடி உணர்வது.

ஏசாயா 40 அந்த எடையைத் தராசு போட்டே காட்டுகிறது. அதை மொழிபெயர்த்தவர்களுக்கு நான் மானசீகமாக ஒரு கும்பிடு போடுவதுண்டு. தண்ணீர்களைக் கைப்பிடியால் அளந்து, வானங்களை ஜாணளவாய்ப் பிரமாணித்து, பூமியின் மண்ணை மரக்காலில் அடக்கி, பர்வதங்களைத் துலாக்கோலால் நிறுத்தவர் யார் என்று கேட்கிறது. சாண், மரக்கால், துலாக்கோல்: களத்துமேட்டிலும் பலசரக்குக் கடையிலும் புழங்கிய அளவைகள். அடுத்து, ஜாதிகள் எல்லாம் "ஏற்றச்சாலில் தொங்கும் துளிபோல" என்கிறது. ஏற்றம் இறைத்துப் பார்த்த தலைமுறைக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சால் நிறையத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கவிழும். கவிழ்ந்தபின் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கும். அது விழுந்ததா இல்லையா என்று எந்த விவசாயியும் பார்ப்பதில்லை. பாபிலோனும் அசீரியாவும் அந்தச் சொட்டு. அப்படியானால் நம் சேகரத்துக் கமிட்டித் தேர்தல் என்ன? சங்கச் செயலாளர் பதவி என்ன?

"தேவனுக்குப் பயப்படு" என்கிறது, "பயப்படாதே" என்றும் சொல்கிறது. எதை எடுப்பது?

இரண்டும் ஒரே வசனத்தில் வருகிற இடம் உண்டு: யாத்திராகமம் 20:20. சீனாய் மலை புகைகிறது, ஜனங்கள் நடுங்கித் தூரத்தில் நிற்கிறார்கள். மோசே "பயப்படாதிருங்கள்" என்று சொல்லி, அதே மூச்சில், நீங்கள் பாவம் செய்யாதபடிக்குத் தேவனைப் பற்றும் பயம் உங்கள் முன் இருக்கும்படியே அவர் வந்தார் என்கிறார். ஓடவைக்கும் பயத்தை விடச்சொல்லி, நிற்கவைக்கும் பயத்தைப் பிடிக்கச்சொல்கிறார்.

தமிழில் இதற்கு ஒரே சொல்லாகவே இருக்கிறது: பயபக்தி. பயமும் பக்தியும் ஒட்டிப்பிறந்த மாதிரி. பக்தியில்லாத பயம் கந்துவட்டிக்காரனைக் கண்டால் வருவது. பயமில்லாத பக்தி தேவனைத் தோளில் கைபோடும் கூட்டாளியாக்கிவிடும். இந்தக் காலத்தில் எங்களுக்கு இரண்டாவது வியாதிதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆராதனை நடுவில் செல்போனை எடுத்து நேரலை போடுகிறவர்களைப் பார்த்தால் உங்களுக்கும் தோன்றலாம்.

அவ்வளவு பெரியவர் என்றால், என் பிள்ளையின் ஃபீஸ் கவலையை அவர் ஏன் கவனிக்கவேண்டும்?

நியாயமான கேள்வி. தாவீதும் இதைத்தான் கேட்டான்: வானத்தையும் சந்திரனையும் நட்சத்திரங்களையும் பார்க்கும்போது, மனுஷனை நீர் நினைக்கிறதற்கு அவன் எம்மாத்திரம்? நமக்குத் தெரிந்த கணக்குகள் அவனுக்குத் தெரியாது. சூரியனின் வெளிச்சம் நம்மிடம் வர ஏறக்குறைய 8 நிமிடம் 20 விநாடி. வெறும் கண்ணுக்கே மங்கலாய்த் தெரியும் ஆண்ட்ரோமெடா மண்டலத்திலிருந்து வர சுமார் 25 லட்சம் ஆண்டுகள். ஆனால் சங்கீதம் 8இல் தாவீதின் திகைப்பு "நான் எவ்வளவு சின்னவன்" என்பதில் முடியவில்லை. "இவ்வளவு சின்னவனை நினைக்கிறாரே" என்பதில்தான் அவனுக்கு மூச்சு நிற்கிறது.

சங்கீதம் 113 இன்னும் துணிச்சலானது. வானத்தையும் பூமியையும் பார்ப்பதற்கே தேவன் "தம்மைத் தாழ்த்துகிறார்" என்கிறது. வானத்தைப் பார்க்க நாம் அண்ணாந்து பார்க்கிறோம், அவர் குனிந்து பார்க்கிறார். குனிந்தவர் அங்கேயே நிற்கவும் இல்லை, அடுத்த வசனத்தில் புழுதியில் கிடப்பவனைத் தூக்குகிறார், எளியவனைக் குப்பையிலிருந்து எடுக்கிறார். பெரியவர் என்பதால் கவனிக்கமாட்டார் என்பது மனுஷ அதிகாரிகளைப் பார்த்துப் பழகிய புத்தி. ஒரு கையெழுத்துக்காக தாலுகா ஆபீஸ் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் புத்தி வருவதில் ஆச்சரியமில்லை.

ஃபீஸைப் பற்றித் தாராளமாகச் சொல்லுங்கள். நம்மைவிட்டு விலகாத பெரியவர் என்பதுதான் நம்மைத் தாழ்த்துவதும்.

"நான் எதற்கும் லாயக்கில்லை" என்று நினைப்பதுதான் தாழ்மையா?

இல்லை. அதுவும் நாள் முழுக்க நம்மையே பார்த்துக்கொண்டிருப்பதுதான், கண்ணாடி மட்டும் ரசம் போனது.

மனச்சோர்வு வியாதியால் அப்படித் தோன்றுகிறவர்களும் உண்டு. அவர்களிடம் போய்த் தாழ்மையைப் பற்றிப் பேசவேண்டாம். நல்ல டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள், கூடவே உட்காருங்கள். சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்துவிட்ட எலியாவுக்குத் தேவன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் அனுப்பினார், தூங்கவிட்டார், மறுபடியும் சாப்பிடவைத்தார்.

தாழ்மை என்று சொல்லி எங்களைத்தானே காலங்காலமாக அடக்கி வைத்தார்கள்?

இதைக் கேட்டவர் ஒரு வாலிபர். வகுப்பு அமைதியாகிவிட்டது. கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது.

நம் சபைச் சரித்திரத்திலிருந்தே சொல்கிறேன். 1833இல் கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை உறுதியாகவும் உடனடியாகவும் முடிவாகவும் விட்டுவிடவேண்டும் என்று எழுதினார். தனித்தனியாக உட்காருவதும், திருவிருந்துக்குத் தனித்தனியாக வருவதும் அப்போது வழக்கம். அந்தக் கடிதம் வாசிக்கப்பட்டதும் தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே விலகினார்கள். கத்தோலிக்கரிடமும் இது இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் கோயிலில், பீடம் ஒன்று, ஆனால் இரண்டு சாதியாருக்கு இரண்டு பக்கம், நடுவில் தடுப்பு. 1910இல் அதை எடுத்தபோது, தனியிடம் எங்கள் உரிமை என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவர்களும் "தூளும் சாம்பலுமான அடியேன்" என்றுதான் ஜெபித்திருப்பார்கள். அதே முழங்காலில் இருந்து எழுந்து, பக்கத்து மனுஷன் வாய்வைத்த பாத்திரத்தைத் தொடமாட்டேன் என்றார்கள். தேவனுக்கு முன்னால் எல்லாரும் தூள் என்றால், தூளில் மேல்தூள் கீழ்த்தூள் ஏது? இந்த ஒரு கேள்வியைத் தாண்டாத தேவபக்தியை நான் நம்புவதில்லை.

ஆகவே யார் யாரிடம் தாழ்மையைக் கேட்கிறார் என்று பாருங்கள். மேலே இருப்பவன் கீழே இருப்பவனிடம் கேட்டால் அதற்கு வேறு பெயர் உண்டு. பூமியில் எல்லாரிலும் சாந்தகுணமுள்ளவன் என்று வேதம் சொல்லும் மோசே, பார்வோனுக்கு முன் நின்று "என் ஜனங்களைப் போகவிடு" என்றவன். அடிக்கிற புருஷனிடம் "தாழ்ந்துபோம்மா" என்று ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவது தாழ்மையைப் பற்றிய போதனை ஆகாது.

யாராவது புகழ்ந்தால் "எல்லாம் கர்த்தருடைய கிருபை" என்று சொல்வது சரிதானா?

சரிதான், மனதார வந்தால். பழக்கத்தில் வந்தால் "நன்றி" என்று சொல்லிவிட்டு நகர்வது இன்னும் தாழ்மையானது. "ஐயோ, நான் நன்றாகவே பாடவில்லை" என்று மறுத்து, இன்னொரு தடவை புகழவைக்கிற வித்தை நம் எல்லாருக்கும் தெரியும். அதை மட்டும் விட்டுவிடலாம்.

சாட்சி சொல்லும்போது ஒரு சோதனை: முடிந்தபின் கேட்டவர்களுக்கு யார் பெயர் நினைவில் நிற்கிறது?

ஆலயத்துக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்தோம். பெயர் எழுதலாமா?

எங்கள் ஆலயத்தில் பதினான்கு ஃபேன்கள். ஒவ்வொரு இறக்கையிலும் சிவப்புப் பெயிண்டில் எழுத்து: ஒன்றில் "அன்பளிப்பு", அடுத்ததில் பெயர், மூன்றாவதில் ஊர். ஓடும்போது ஒன்றும் தெரியாது, ஒரு சிவப்பு வட்டம்தான் தெரியும். கரண்டு போனால்தான் வாசிக்கலாம். மின்வெட்டு அதிகமாக இருந்த காலத்தில் எல்லா உபயகாரர் பெயரும் எனக்கு மனப்பாடம். பிரசங்க நேரத்தில் வேறென்ன செய்வது?

செத்துப்போன தாயின் நினைவாக ஒரு பெயர் எழுதுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உயிரோடிருப்பவர்கள் பெயர் வேண்டாம் என்பது என் கருத்து. வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது என்றால், ஞாயிறுதோறும் முந்நூறு பேர் அண்ணாந்து அறிவது எந்தக் கணக்கு?

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஒன்றிரண்டு சொல்லுங்கள்.

ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த பெனடிக்ட், கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைப்பவர், தம் மடத்துத் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் தாழ்மைக்குப் பன்னிரண்டு படிகள் வைத்தார். முதல் படி, தேவபயத்தை எப்போதும் கண்முன் வைத்திருப்பது. தலைகுனிந்து நடப்பது பன்னிரண்டாவது படியில்தான் வருகிறது. நாம் பன்னிரண்டிலிருந்து தொடங்கிவிடுகிறோம். குரலைத் தாழ்த்துகிறோம், கையைக் கட்டுகிறோம், முதல் படியில் கால் வைத்ததே இல்லை.

அந்த முதல் படிக்கு எனக்கு உதவியது யோபு 38 முதல் 41 வரை உள்ள அதிகாரங்கள். சத்தமாக வாசிக்கவேண்டும், ஒரே மூச்சில். யோபு தன் துன்பத்துக்குக் காரணம் கேட்டு 35 அதிகாரம் காத்திருந்தான். தேவன் காரணம் சொல்லவில்லை, கேள்வி கேட்டார். நான் பூமியை அஸ்திபாரப்படுத்துகிறபோது நீ எங்கேயிருந்தாய்? மழைக்கு ஒரு தகப்பனுண்டோ? வரையாடுகள் ஈனுங்காலத்தை அறிவாயோ? கடைசிக் கேள்வியில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். ஆனைமலையிலும் நீலகிரியிலும் செங்குத்துப் பாறையில் நிற்குமே, அந்த வரையாட்டின் பெயரைத்தான் மொழிபெயர்த்தவர்கள் போட்டிருக்கிறார்கள். அது எந்தப் பாறை இடுக்கில், எந்த ராத்திரியில் குட்டி போடுகிறது? எனக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. நானில்லாமல் நடக்கிறது. நானில்லாவிட்டால் ஓய்வுநாள் பள்ளி நடக்காது என்று நினைத்திருந்த காலத்தில் இந்த வசனம் என்னை நன்றாகக் குட்டியது.

இன்னொன்று, கர்த்தருடைய ஜெபத்தை அதன் வரிசையிலேயே சொல்லுங்கள். நாமம், ராஜ்யம், சித்தம் என்று மூன்றும் முடிந்தபிறகுதான் ஆகாரம் வருகிறது. நம் சொந்த ஜெபங்கள் ஆகாரத்தில் தொடங்கி ஆகாரத்திலேயே ஆமென் ஆகிவிடுகின்றன.

பெரிய வியாழனன்று கால் கழுவுகிறார்களே, அது வெறும் சடங்குதானே?

பன்னிரண்டு பேரைப் பொறுக்கி வைப்பார்கள். அவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, புதுவேட்டியில் வந்து உட்காருவார்கள். போதகர் கழுவ அங்கே அழுக்கே இருக்காது! சிரிப்புத்தான் வரும். இருந்தாலும் நிறுத்தவேண்டாம் என்பேன். யோவான் 13இல் ஆண்டவர் தாம் தேவனிடத்திலிருந்து வந்தவர், தேவனிடத்திற்குப் போகிறவர் என்று அறிந்தவராக எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டார் என்று எழுதியிருக்கிறது. தம் உயரம் தெரிந்தே குனிந்தார். பேதுருவோ ஒருக்காலும் கழுவப்படாது என்று காலை இழுத்துக்கொண்டான். பார்க்கத் தாழ்மை மாதிரிதான் இருக்கிறது. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்றார். அழுக்குக் காலை நீட்டிக் கொடுப்பது கழுவுவதைவிடக் கஷ்டம்.

முழங்கால்படியிட்டுத்தான் ஜெபிக்கவேண்டுமா? எனக்கு மூட்டுவலி.

கேட்டது மைக் கரகரத்ததாகச் சொன்ன அதே பாட்டியம்மாதான். வேண்டாம், பாட்டி. நாற்காலியில் உட்காருங்கள். தாவீது ராஜா கர்த்தருடைய சமுகத்தில் போய் உட்கார்ந்துதான், "நான் எம்மாத்திரம்? என் வீடும் எம்மாத்திரம்?" என்று ஜெபித்தான்.